கயிற்று நுனி

லெவோகேனு
4 மே 1988

கோஸ்மாஸ்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மலேசியாக்காரன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எந்தத் திமிங்கிலம் வந்து உன்னை இழுக்கப்போகிறது?

இங்கே கடல் திறந்தாயிற்று. மே முதல் தேதி பாதிரியார் கரையில் நின்று ஒவ்வொரு படகுக்கும் தீர்த்தம் தெளித்தார். நம் குலப் படகு ‘சிகா லேரா’வின் முனைப்பலகையில் என் மகன் ஸ்தானிஸ் ஈட்டியோடு நின்றான். அவன் அப்பா நின்ற அதே பலகை. இருபத்திரண்டு வயதில் ஈட்டிக்காரன் என்று ஊரே மெச்சுகிறது. எனக்கு மட்டும் கண் அவன் நெற்றிமேல்தான். புது ஈட்டிக்காரன் பலகை ஏறுவதற்கு முன்னால் அவன் தாய்மாமன் மனக்கசப்பைத் துப்பிப்போட வாய் கொப்பளித்துவிட்டு, ஈரக்கையை அவன் நெற்றியில் வைக்க வேண்டும். உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. என் பிள்ளை நெற்றி காய்ந்த நெற்றியாகவே கடலுக்குப் போயிருக்கிறது.

போன அக்டோபரில் விடுப்பில் வந்தவன் ஒழுங்காக இருந்தாயா? அவனை ஈட்டிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதுமே என் அடுப்படியில் கள்ளுக் கிண்ணத்தை வீசியடித்தாய். “அவன் அந்தப் பலகைல ஏறினா நான் அவனுக்கு மாமனே இல்ல!” என்று கத்திவிட்டு, மறுநாள் சந்தைப்படகில் ஏறி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். மாமன் வாயிலிருந்து வந்த சொல் அது. அதைச் சுமந்துகொண்டுதான் அவன் ஈட்டி பிடிக்கிறான்.

அதைவிட மோசமாக நான் ஒன்று செய்துவிட்டேன். சீசனுக்கு முன்னால் படகுக் கொட்டகையில் லாசர் பெரியப்பா வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்பாரே, யார் வீட்டில் சண்டை, யாருக்கு யார்மேல் வருத்தம் என்று. என் முறை வந்ததும், “எங்க வீட்ல ஒண்ணுமில்ல பெரியப்பா. கோஸ்மாஸ் போறப்பவே புள்ள நெத்தியில தண்ணி வெச்சுட்டுத்தான் போனான்” என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளையை இறக்கிவிடுவார்கள், அவன் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் சொன்னேன்.

இப்போது பயத்தில் சோறு இறங்கவில்லை. எனக்குக் கடலைக் கண்டு பயமில்லை, கோஸ்மாஸ். என் வாயைக் கண்டுதான் பயம். ஒன்பது வருடம் முன்னால் என் புருஷன் ஃபிதேலிஸ் கடைசியாகக் கிளம்பிய காலையில் நான் என்ன சொன்னேன் என்று உன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறாரே என்ற ஆத்திரத்தில், “இனி என் மூஞ்சில முழிக்காதீங்க” என்றேன். ஒரு சட்டைக்காக. அன்று மத்தியானமே கயிறு அறுந்தது, மனுஷன் அந்தத் திமிங்கில மீனோடு போய்விட்டார். அந்தக் கயிற்றில் பாதி நூல் நான் திரித்தது. நூல் திரித்தவள் வீட்டில் சண்டை என்றால் கயிறு தாங்காது என்று ஊருக்கே தெரியும். நான் சொன்னது தெரியாவிட்டாலும் அறுந்த கயிறே அவர்களுக்குச் சாட்சி. அதற்கப்புறம் பெண்கள் கயிற்றுக்குப் பஞ்சு பங்கு வைக்கும்போதெல்லாம், “ஒனக்கு வேற வேலை இருக்குமே மெக்தி” என்று சிரித்துக்கொண்டே என் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். யாரும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வரி எழுதி அனுப்பு. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று எழுது. எனக்காக வேண்டாம், அவனுக்காக.

அக்கா,
மெக்தில்டிஸ்


தாவாவுக்கு அருகே, தோட்டம்
30 மே 1988

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. நீ திட்டினாலும் உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே மழை விடாமல் பெய்கிறது. குலை வெட்டுகிற கழியின் நீளம் நம் ஈட்டிக் கழியின் நீளம்தான் இருக்கும், ஆனால் பனங்குலை நம்மை இழுத்துக்கொண்டு ஓடாது. தலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் மெலிந்துவிட்டேன் என்று கூடத் தங்கியிருக்கிற ஃபுளோரஸ் தீவுக்காரன் கேலி செய்கிறான். “கோஸ்மாஸ், ஒன்னப் பாத்தா குலை வெட்ட வந்தவன் மாதிரி இல்ல, குலைக்கு முட்டுக் கொடுக்க வெச்ச குச்சி மாதிரி இருக்க” என்கிறான்.

எனக்கு ஸ்தானிஸ் மேல் கோபம் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். உன்மேலும் கிடையாது. நான் யாரையும் சபிக்கவில்லை. என் வாயில் அவ்வளவு வலு இருந்தால் நான் ஏன் இங்கே கொசுக்கடியில் கிடக்கிறேன்?

ஆனால் நீ கேட்கிற வரியை என்னால் எழுத முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன். போ, பலகையில் நில் என்று என் கையால் எழுத வரவில்லை. ஏன் என்று கேட்காதே. அவனை இறக்கிவிடு, அக்கா. இங்கே அனுப்பு. கங்காணியிடம் பேசி வைத்திருக்கிறேன், என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொள்ளட்டும். கடல் பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்று ஏதாவது சொல்லி ஊரை விட்டுக் கிளப்பு. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேட்கமாட்டான் என்றும் தெரியும். அவன் அத்தானின் பிள்ளை. அப்படிப் போய்த்தான் ஆவேன் என்றால் ஒன்று மட்டும் சொல்லு. இறைச்சி வெட்டுகிற கத்தி பாய்மரத்தின் அடியில் சொருகிக் கிடக்கும். அது அங்கே இருந்தால் போதாது. முனைப்பலகையில் இருப்பவனுக்கு அது எட்டாது. ஒரு கத்தி அவன் இடுப்பில், வலது பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். இதை மறக்காமல் சொல்.

முருங்கைக்கீரை இங்கேயும் கிடைக்கிறது. நீ வைக்கிற மாதிரி வரவில்லை.

தம்பி,
கோஸ்மாஸ்


லெவோகேனு
26 ஜூன் 1988

கோஸ்மாஸ்,

கேட்டது ஒன்று, நீ எழுதியது இன்னொன்று. கொசுவையும் கீரையையும் பற்றித் தெரிந்துகொள்ளவா நான் ஏழு வாரம் காத்துக்கிடந்தேன்?

கேள். மே மாதத்தில் இரண்டு முறை திமிங்கிலம் கண்டு ஊரே கரைக்கு ஓடியது. இரண்டு முறையும் ஸ்தானிஸ் பாய்ந்தான். இரண்டு முறையும் ஈட்டி வழுக்கிவிட்டது. சரி, புதுப்பையன், பழகட்டும் என்றார்கள். போன வாரம் ஈட்டி பிடித்தது. பிடித்த வேகத்தில் கயிறு பெட்டியிலிருந்து ஓடும்போது கொரிஸின் கையில் சுற்றி இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. மீனும் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கொரிஸைக் கரையில் இறக்கும்போது அவன் பெண்டாட்டி அழவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையோடு நான் வீடுவரைக்கும் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

மலைச்சந்தைக்கு இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். முன்னெல்லாம் ஆறேழு பேர் கருவாட்டுக் கூடையோடு வரிசையாக ஏறுவோம். மலைக்காரிகள் சோளத்தை எண்ணிக் கொடுக்கும்போதுகூட என் கூடையைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். அது என் பிரமையாகவும் இருக்கலாம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

நேற்று லாசர் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“மெக்தி, மறுபடியும் எல்லார் வீட்டையும் கேட்டுட்டு வர்றேன். ஒன் வீட்ல ஏதாச்சும் இருக்கா?”

“ஒண்ணுமில்ல பெரியப்பா.”

“கோஸ்மாஸ் தண்ணி வெச்சான்ல?”

“வெச்சான் பெரியப்பா.”

அவர் வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு, “சரிம்மா, அப்ப வேற வீடாத்தான் இருக்கும்” என்று போய்விட்டார். இரண்டாம் முறையும் பொய். எந்த வீட்டைப் போய்க் குடைவாரோ, பாவம்.

ஸ்தானிஸ் சாப்பிடுவதில்லை. வறுத்து இடித்த சோள அவலைக் கட்டிக் கொடுத்தால் பாதி திரும்பி வருகிறது. பயமா என்று கேட்டால், “போம்மா, எனக்கென்ன பயம்” என்கிறான். ஆனால் தூக்கத்தில் கையை உதறிக்கொண்டே இருக்கிறான். நான் அவனிடம் குரல் உயர்த்துவதே இல்லை. ஒன்பது வருடமாகக் கடலுக்குப் போகிற காலையில் என் வீட்டில் பூனையைக்கூட நான் அதட்டியதில்லை. அவன் செருப்பை அடுப்பில் போட்டாலும் சிரித்துக்கொண்டே எடுப்பேன்.

கத்தி விஷயத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. ஈட்டிக்காரன் இடுப்பில் கத்தி எதற்கு? கயிற்றை அறுக்கவா? அது குலத்தின் கயிறு, கோஸ்மாஸ். அதைப் படகோட்டிகள் தாண்டிக்கூடப் போகமாட்டார்கள். தானாக அறுந்தால் அது எங்கோ நடந்த பாவத்தின் பலன் என்று ஊர் அழும். மனுஷன் கையால் அறுத்தவன் இந்தக் கரையில் கிடையாது. உனக்கு ஏன் புத்தி இப்படிப் போகிறது? என் பிள்ளைமேல் உனக்கு என்னதான்? நேராகச் சொல். ஒளித்துப் பேசாதே, எனக்குப் பயமாக இருக்கிறது.

மெக்தில்டிஸ்


தோட்டம்
19 ஜூலை 1988

அக்கா,

நேராகவே சொல்கிறேன். இதைப் படிக்கும்போது தனியாக உட்கார்ந்து படி.

அன்று கயிறு அறுந்து போகவில்லை. நான் அறுத்தேன்.

எழுதிவிட்டேன். இதுவரை இதை நான் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

அத்தான் பாய்ந்து குத்திய குத்து சரியான குத்து. மீன் இரண்டு முறை முங்கி எழுந்தது. மூன்றாம் முறை முங்கும்போது அத்தான் தண்ணீரில்தான் இருந்தார், படகுக்கு ஏறி வருவதற்காகக் கயிற்றைப் பிடித்திருந்தார். எப்படியோ ஒரு சுற்று அவர் காலில் விழுந்துவிட்டது. மீன் நேர்கீழாகப் போனது. முனைப்பலகை தண்ணீருக்குள் போய்விட்டது. முனையில் அவருக்கு உதவியாளாக நின்ற எனக்கு முழங்கால் வரைக்கும் தண்ணீர், அப்புறம் இடுப்பு வரைக்கும். பின்னால் பத்துப்பேர். ஒருத்தன் ஜெபம் சொல்கிறான், ஒருத்தன் அம்மா என்கிறான், லாசர் பெரியப்பா தண்ணீரை இறைக்கச் சொல்லிக் கத்துகிறார். நான் பாய்மரத்தடிக் கத்தியை எடுக்கப் பின்னால் தவழ்ந்து போய்த் திரும்ப வந்தேன். அந்த நேரத்தில் அத்தானின் கையைப் பிடித்திருக்கலாம். கத்தி கிட்டவே இருந்திருந்தால் கீழே சாய்ந்து அவருக்கு அந்தப் பக்கம், மீன் இழுக்கிற பக்கம் அறுத்திருக்கலாம். நான் வந்து சேரும்போது அவர் ஒரு ஆள் ஆழத்துக்குப் போய்விட்டார். இந்தப் பக்கம்தான் அறுக்க முடிந்தது.

அவர் என்னைப் பார்த்தாரா என்று கேட்காதே. பார்த்தார்.

படகு மேலே வந்தது. நுரையிலும் கூச்சலிலும் யாரும் கவனிக்கவில்லை. “கயிறு போச்சு, கயிறு போச்சு” என்று யாரோ கத்தினார்கள், நானும் அதையே கத்தினேன். வருகிற வழியெல்லாம் எல்லாரும் தண்ணீர் இறைத்தார்கள். நான் கயிற்று நுனியை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் பிரித்தேன். வெட்டு தெரியக்கூடாதே. நகம் போதாமல் பல்லால் கடித்து இழுத்தேன். கரை தெரியும்போது அது அறுந்த கயிறாகவே ஆகியிருந்தது. அந்த உப்பும் பஞ்சும் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது. வாய் கொப்பளித்து உன் பிள்ளை நெற்றியில் கை வைக்கச் சொல்கிறாய். இந்த வாயை எதைக் கொண்டு கொப்பளிப்பது, அக்கா?

அன்று சாயங்காலம் நீ சட்டை விஷயத்தைச் சொல்லி என் தோளில் விழுந்து அழுதாய். “என் வாய்தான்டா அவரைக் கொன்னுச்சு” என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பயம். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம். பிறகு உனக்குப் பஞ்சு கொடுக்காமல் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்க முடியாமல்தான் இங்கே ஓடி வந்தேன்.

உன் வாய் யாரையும் கொல்லவில்லை. உன் நூல் நல்ல நூல். அறுக்கும்போது எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா?

ஸ்தானிஸ் பலகை ஏறுகிறான் என்றதும் கிண்ணத்தை எறிந்தது கோபமில்லை. ஒன்று அவன் கயிற்றுக்குள் இருப்பான், இல்லையென்றால் கத்தியைக் கையில் வைத்திருப்பவனாக இருப்பான். இரண்டையும் என்னால் நினைக்க முடியவில்லை.

இதை லாசர் பெரியப்பாவிடம் கொடுப்பதென்றால் கொடு. இங்கே ஓடைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். ஈரக்கையை இந்தத் தாளின் கீழ்மூலையில் வைத்திருக்கிறேன். மை கலைந்திருப்பது அதனால்தான். செல்லுமோ செல்லாதோ தெரியாது. அவன் நெற்றியில் வை.

கோஸ்மாஸ்


லெவோகேனு
11 ஆகஸ்ட் 1988

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைச் சந்தைப்படகில் வந்தது. அன்று காலையில்தான் படகு கடலுக்குப் போனது. இன்று வியாழக்கிழமை. படகு இன்னும் வரவில்லை.

மற்றப் படகுகள் அன்றைக்கே திரும்பிவிட்டன. ‘சிகா லேரா’வை மீன் கிழக்கே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாய் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்களாம். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெண்கள் எல்லாரும் ஜெபமாலை சொல்கிறார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒன்பது வருடம், கோஸ்மாஸ். ஒன்பது வருடம் நான் என் நாக்கைக் கண்டு நடுங்கினேன். ஒரு நாள்கூட நான் அவருக்காக வெறுமனே அழுததில்லை. அழ எனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ அறுத்ததை நான் மன்னிப்பேனோ என்னவோ. பல்லால் கடித்துப் பிரித்தாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில், உன் கடிதம் வருவதற்கு முன்னால், அவன் சோள அவல் பொட்டலத்துக்கு அடியில் என் கீரை அரிகிற கத்தியை வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. பெண்பிள்ளை அடுப்படிக் கத்தி அந்தப் படகில் ஏறக்கூடாது என்று தெரிந்தே வைத்தேன். நீ காரணமில்லாமல் சொல்லமாட்டாய் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு என் பிள்ளையை அனுப்பியிருக்கிறேன்.

அவன் வராவிட்டால் எனக்குத் தம்பி கிடையாது. வந்தாலும் உண்டா என்று தெரியாது.


தோட்டம்
3 செப்டம்பர் 1988

அக்கா,

வந்தானா?

உன் கடிதத்தில் அது இல்லை. அதற்கப்புறம் கடிதமும் இல்லை. துறைமுகத்தில் நம் பக்கத்து ஆட்கள் யார் இறங்கினாலும் போய்க் கேட்கிறேன். ஒருத்தன் நம் ஊர்ப் பக்கம் ஏதோ படகு காணவில்லை என்கிறான், இன்னொருத்தன் அது அடோனாராத் தீவுப் படகு என்கிறான். குலையைத் தவறாக வெட்டுகிறேன் என்று கங்காணி என்னைக் கீழே பொறுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டான்.

துணிகளைக் கட்டி வைத்துவிட்டேன். வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாமென்றால் இனி அந்தக் கரைப் பக்கமே வரமாட்டேன். திட்டு. எதுவும் எழுத வேண்டாமென்றால் வெறும் தாளையாவது அனுப்பு. அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல்லு.

கோஸ்மாஸ்


லெவோகேனு
27 செப்டம்பர் 1988

கோஸ்மாஸ்,

வந்துவிட்டான். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டான். வேண்டுமென்றேதான் நான் எழுதவில்லை. ஒன்பது வருடத்துக்கு ஒன்றரை மாதம். நீயும் கொஞ்சம் நடுங்கிப் பார் என்று விட்டேன். உன் தாளில் இருக்கிற ‘வந்தானா’வைப் பார்த்தபோது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனோ என்று தோன்றியது. தோன்றட்டும், அதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மீன் அவர்களை ஒரு பகலும் ஒரு இரவும் இழுத்திருக்கிறது. மறுநாள் முங்கும்போது ரூஃபுஸின் தோளில் கயிறு சுற்றி அவனை முனைப்பலகை வரைக்கும் இழுத்துவிட்டது. ஸ்தானிஸ் அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் அவல் பங்கு போட்டுக்கொண்டிருந்தானாம். கத்தி கையில் இருந்திருக்கிறது. ரூஃபுஸுக்கு அந்தப் பக்கம் அறுத்தான். ரூஃபுஸ் தோள் இறங்கிப்போய்க் கிடக்கிறான், ஆனால் உயிரோடு கிடக்கிறான்.

படகு மணலில் ஏறியதும் ஊரே அழுது சிரித்தது. உன் மருமகன் யாரையும் தொடவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனான். லாசர் பெரியப்பா காலடியில் போட்டான்.

“அறுந்து போகல. நான்தான் அறுத்தேன். இந்தக் கத்தியால.”

என் கீரைக் கத்தி. “அடுப்படிக் கத்தி படகுல ஏறுச்சா!” என்று ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அறுத்தவன் இனிமே பலகை ஏறக்கூடாது” என்று இரண்டு மூன்று பேர். அவன் தலை குனிந்து நின்றான். நுனி வெட்டுப்பட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் அந்த நேரத்தில் உச்சத்துக்குப் போனது, உன்மேல் வந்த இரக்கமும் அப்போதுதான் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுந்தேன். “கத்தி என்னுது. வெச்சது நான். அதுமட்டுமில்ல, ரெண்டு தடவ இந்தக் கொட்டகைக்குப் பொய் சொல்லிருக்கேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ தண்ணீர் வைக்கவில்லை என்பதை, சட்டை விஷயத்தை, எல்லாவற்றையும். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். முழுசாக, நானே. நீ கொடு என்றுதானே எழுதியிருந்தாய்.

படித்து முடித்ததும் ஊர் உன்னைச் சபிக்கும் என்று காத்திருந்தேன். லாசர் பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் பாத்தேன்மா.”

“எத?”

“அவன் அறுத்தத.”

பின்னாலிருந்து கொரிஸின் அப்பா, “நானும்தான்” என்றார். அப்புறம் இன்னொருவர். அன்று படகில் இருந்தவர்களில் ஏழுபேர் இன்றைக்கு உயிரோடிருக்கிறார்கள். ஐந்துபேர் பார்த்திருக்கிறார்கள், கோஸ்மாஸ். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் பார்த்தோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீ நகத்தால் பிரித்ததையும் ஒருவர் பார்த்திருக்கிறார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

“அவன்தான் எங்க உசுரக் காப்பாத்துனவன்மா. சொன்னா அவனுக்குப் பழி வந்துரும். கயிறு அறுந்துச்சுன்னா யாருக்கும் நோவில்லன்னு நெனச்சோம்” என்றார் பெரியப்பா.

யாருக்கும் நோவில்லையாம்.

“அப்ப நான் யாரு பெரியப்பா?” என்று கேட்டேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன். அந்தக் கொட்டகையில் ஒரு ஆம்பிளை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. “ஒங்க அஞ்சு பேருக்கும் தெரியும். ஒங்க பொண்டாட்டிங்க என் வீட்டத் தாண்டிப் பஞ்சு கொண்டுபோறப்ப ஒருத்தருக்காவது வாய் வரலயா?” என்றேன். கொரிஸின் பெண்டாட்டிதான் முதலில் அழுதாள்.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஐந்துபேரும் என் முன்னால் வாய் கொப்பளித்தார்கள். பெரியப்பா கொப்பளித்ததில் பாதித் தண்ணீர் அவர் சட்டையிலேயே கொட்டியது. நானும் கொப்பளித்தேன், என் இரண்டு பொய்க்கும். சட்டைக்காக நான் கொப்பளிக்கவில்லை. அது சாதாரணமாகப் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது. இனிமேல் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஸ்தானிஸ் பலகை ஏறுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. ரூஃபுஸ் படுத்த இடத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தான்: “அவன் ஏறலன்னா எங்க வீட்லேர்ந்து ஒருத்தரும் ஏறமாட்டோம்.” அத்தோடு முடிந்தது. பாய்மரத்தடிக் கத்தி இப்போது முனைப்பலகைக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் கீரைக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உன் தாளின் மூலையை நனைத்து அவன் நெற்றியில் ஒட்டி எடுத்தேன். நீல மை நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தேய்த்துக் கழுவாமல் இரண்டு நாள் அப்படியே திரிந்தான். ஆனால் அது செல்லாது. ஆள் வந்து கை வைக்க வேண்டும். அடுத்த கப்பலில் கிளம்பு. ஊர் உன்னை என்ன செய்யும் என்று பயப்படாதே. அவர்களுக்கு உன்னைப் பார்க்கத்தான் பயம். என்னைப் பார்க்க உனக்குப் பயமென்றால், அது சரிதான், பயந்துகொண்டே வா. நான் உன்னிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதில் பாதி திட்டாக இருக்கும்.

புதுக் கயிற்றுக்குப் பஞ்சு வந்திருக்கிறது. போன வாரம் ஏழு வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். இன்னும் தொடவில்லை. மூலையில் இருக்கிறது. திரிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கயிற்றைத் திரித்து அதில் என் பிள்ளையையே கட்டி அனுப்புவதற்கு எந்தக் கை துணியும்?

இன்று விடிகாலையில் படகு கிளம்பியது. உன் மருமகன் அவல் பொட்டலத்தை அடுப்படியிலேயே மறந்துவிட்டு, கருவாட்டுப் பானையையும் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான். பூனை வாயை வைத்துவிட்டது. கரைவரைக்கும் ஓடினேன். ஊரே நிற்கிறது, படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. “ஏண்டா, பானைய மூடக்கூட ஒனக்குக் கை இல்லையா? எருமை! எத்தன தடவ சொல்றது?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பலகையிலிருந்து திரும்பினான். அப்புறம் சிரித்தான் பார், அவன் அப்பா மாதிரியே. பொட்டலத்தை வீசினேன், பிடித்துக்கொண்டான்.

பாய் மறையும்வரை நின்றேன். படகு இன்னும் வரவில்லை, கோஸ்மாஸ், கண் கடலைவிட்டு நகரவில்லை. ஆனால் இன்றைக்கு எனக்குக் கடலைக் கண்டு மட்டும்தான் பயம்.

அக்கா,
மெக்தில்டிஸ்